மலர்விளி

ஆவுடையப்பனின் நாக்குக்கு ‘ழ’ வசப்பட்டதே இல்லை. தாலி கட்டிய நாள் முதலாய் மனைவி மலர்விழியை ‘மலர்விளி’ என்றுதான் கூப்பிட்டார்.

“விழின்னா கண்ணு, விளின்னா கூப்பிடுறது. ஏன் அத்தான், நான் உங்களுக்குக் கண்ணா, கூப்பாடா?” என்று சிரிப்பாள்.

ஒருநாளாவது சரியாய்ச் சொல்லிக் காட்டிவிட வேண்டுமென்று குளிக்கும்போதெல்லாம் நாக்கை மடித்துப் பார்ப்பார். வழுக்கிப் போகும். தலை நரைத்தும் அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் நினைவில்லாமல் கிடந்த ஒரு விடியற்காலையில் அது வந்துவிட்டது. காதோரம் குனிந்து, “மலர்விழி” என்றார். அத்தனை சுத்தம். அவள் அசையவில்லை. மறுபடியும் சொன்னார். யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல அவருக்கே கூச்சமாய் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏட்டி, மலர்விளி” என்றார்.

அவள் இமை அசைந்தது.