துணைக்கு ஒருவர்

பாட்டு வாத்தியாரின் புகைப்படத்தை அதிகாரி மேசைமேல் வைத்தார். எட்டு வயதுச் சிறுமி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தை வலப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மேடம்? படத்தப் பாத்தாலே புள்ளைக்கு முகம் செத்துப்போகுது" என்றார் இடப்பக்க நாற்காலியில் இருந்த சித்தப்பா.

இது நான்காவது அமர்வு. மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. தட்டச்சு செய்யும் பெண் விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள்.

"நாலு வாரமா தேதிய மட்டும்தான் மேடம் அடிச்சிட்டிருக்கேன்" என்று முணுமுணுத்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. சிறுமியின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில், 'அவரை வர வேண்டாம்னு சொல்லுங்க' என்று எழுதியிருந்ததை வகுப்பாசிரியை பார்த்ததில் தொடங்கிய வழக்கு. பெயர் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்துபோகும் வெளியாள் பாட்டு வாத்தியார் ஒருவர்தான் என்று சித்தப்பாவே புகார் கொடுத்தார். வாத்தியார் உள்ளே போய் ஒரு மாதம் ஆகிறது.

இன்றும் இவள் வாய் திறக்காவிட்டால் கோப்பை மூட வேண்டியதுதான்.

"கொஞ்ச நேரம் தனியா விட்டுப் பாக்கலாமா மேடம்?" என்று தயங்கிக் கேட்டாள் தட்டச்சுப் பெண்.

"மூச்சு விடாத. தனியா உக்கார வச்சுத்தான் அந்தக் காலத்துல குழந்தைங்கள மிரட்டி வாக்குமூலத்த மாத்த வச்சாங்க. இப்ப நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இல்லாம ஒரு வார்த்தை பதிவு பண்ண முடியாது. இந்த ஒரு சட்டப் பிரிவக் கொண்டுவர ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்."

படிவத்தில் 'துணையாளர்' என்ற கட்டத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் சிறுமியின் அம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவர் கப்பலில். "கொழுந்தனார் மட்டும் இல்லன்னா எம்புள்ள அநாதை மேடம்" என்று சொல்லிவிட்டு ட்யூட்டிக்கு ஓடியவள்.

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் இருக்கேன்" என்றார் சித்தப்பா. "வாரா வாரம் லீவு போட்டு வந்துட்டுதான இருக்கேன்."

"எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது சார்."

சிறுமி கரடி பொம்மையைத் தன் நாற்காலியின் இடது ஓரத்தில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் அங்கேதான் வைப்பாள். அதிகாரி அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கரடியாரே, நீங்களாவது சொல்லுங்க. குட்டி ஏன் எங்ககூட டூ விட்டிருக்கா?"

சிறுமி தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். சித்தப்பா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு அவள் தலையைத் தடவினார்.

"சொல்லும்மா. மேடம் கேக்குறாங்கல்ல?"

மின்விசிறிக் காற்றில் தாள்களின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். சிறுமியின் எதிரே, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா குட்டி. இத மட்டும் கேட்டுக்கோ. அந்த ஆளு இனிமே உன் பக்கத்துலயே வர முடியாது. அதுக்காகத்தான் சட்டத்தையே மாத்தியிருக்கோம். சத்தியமா."

நான்கு வாரங்களில் முதல்முறையாகச் சிறுமி அவர் கண்களைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு ஆன்ட்டி இவரப் பக்கத்துல உக்கார வச்சிருக்கீங்க?"