ஒரே பிரதி

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்படும் சில நிரல்கள் தமக்கு வேண்டிய துணைநிரல்களைத் தம்முடனேயே கட்டிக்கொண்டு வரும். லினக்ஸ் இயங்குதளத்துக்கு நிரல்களைத் தொகுத்துத் தரும், அமலா இருந்த குழுவில் அதற்கு இடமில்லை. ஒரு துணைநிரலுக்குக் கணினி முழுவதும் ஒரே பொதுப் பிரதிதான். நிரல்கள் கட்டிக்கொண்டு வரும் மற்றப் பிரதிகளை நீக்குவது அவள் பொறுப்பு. இந்த முறை நீக்க வேண்டியது, பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசிக்கும் நிரலில் இருந்தது. எழுதியவன் அவள் கணவன் ஜெரால்டு. ஒலிக்கான துணைநிரலைத் திருத்தி, வாக்கியங்களுக்கு நடுவே தன் மூச்சையே பதிந்து வைத்திருந்தான். அவன் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. மூச்சைப் பொதுப் பிரதியில் சேர்க்கும்படி அதைப் பராமரிப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தாள். தேவையில்லை என்று பதில் வந்தது.

“அக்கா, அதை எடுக்கலேன்னா புரோகிராமையே தூக்கிடுவாங்க. கேக்கறவங்க பாவமில்லையா?” என்றான் குழுவிலிருந்த நசீர்.

நீக்கினாள். அந்த நிரலைப் பரிசோதித்துச் சொல்லும் பார்வையற்ற ஆசிரியர் தணிகாசலம் மாலையில் போன் செய்தார்.

“இப்பத்தாம்மா சுத்தமா இருக்கு! அந்த மூச்சு சத்தம் போயிடுச்சு. யாரோ பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும், போ!”

“எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றாள் அமலா.