பட்டியலில் இல்லாதது

"இது எந்தப் பட்டியல்ல வருது?"

மாமனார் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். ஜெயப்பிரியாவுக்குக் கையிலிருந்த வேலை உத்தரவை அப்படியே மடித்து ஒளித்துவிடலாமா என்றிருந்தது.

நாச்சிமுத்து எடப்பாடியில் முப்பது வருசம் குடிமையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டதே தவிர, அவர் அரசியல் சட்டத்தை விடவில்லை. மூன்று வருசத்துக்கு முன் மருமகள் வந்த மறுநாளே, வீட்டில் சண்டை வரக்கூடாதென்று காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

டிவி, வண்டி, கரண்ட் பில் எல்லாம் மத்தியப் பட்டியல். அதாவது அவர். சமையல், சீர்வரிசை, விருந்தாளி மாநிலப் பட்டியல். அதாவது மாமியார் சுப்பம்மாள். வெள்ளையடிப்பது, கோயில் பயணம் பொதுப் பட்டியல். அதில் இருவரும் முட்டிக்கொண்டால் மத்திய அரசு சொன்னதே செல்லும்.

மூன்றிலும் இல்லாத விஷயம் வந்தால்?

"எஞ்சிய அதிகாரம். அதுவும் மத்திய அரசுக்குத்தான்" என்பார்.

போன வருசம் ஜெயப்பிரியா பூனை வளர்க்க ஆசைப்பட்டாள். பட்டியலில் பூனை இல்லை. வீட்டுக்குள்ளும் பூனை வரவில்லை.

நல்ல ஜனநாயகம் போங்கள்! மருமகளுக்கென்று ஒரு வரிகூடக் கிடையாது.

இப்போது பரீட்சை எழுதி, மேட்டூரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேராவிட்டால் போச்சு. நாலு நாளாய் அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்த உத்தரவை இன்றைக்குத்தான் துணிந்து எடுத்து வந்தாள்.

"இதென்ன கேள்வி? என்ற பட்டியல்தான்!" சுப்பம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள். "காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு இவ ஓடுனா, ஊட்ல சோறாக்கறது ஆரு? அப்ப இது சமையல் விஷயந்தானுங்க? வேலையெல்லாம் வேண்டாம்."

"சோறாக்கறது உன்ற பட்டியல். பஸ் ஏறறது எப்படி உன்றதாகும்?"

கணவன் தீனதயாளன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா சொல்றதும்..." என்று இழுத்தான்.

"நீ மத்திய அரசா, மாநில அரசா?"

"ரெண்டும் இல்லீங்கப்பா."

"அப்பப் பேசாம உக்காரு."

நாச்சிமுத்து ஃபிரிட்ஜ் பக்கம் போய், பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். மருமகள் வேலைக்குப் போவது எதிலுமே இல்லை.

"எஞ்சிய அதிகாரம்" என்றார்.

தொலைந்தது. பூனை போன வழியில்தான் வேலையும் போகும் என்று ஜெயப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மத்திய அரசு முடிவு பண்ணிருச்சு. போறதும் போகாததும் ஜெயாவோட இஷ்டம். திங்கக்கெழமை போறதுன்னா, பஸ் ஏத்தி உட நானே வாரேன். அவ்வளவுதான், அப்பீல் கெடையாது."

"இது அநியாயமுங்க!" சுப்பம்மாள் உள்ளே போனாள். அடுப்படியில் ரெண்டு பாத்திரம் உருண்டது.

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாலு நாளுக்கப்புறம் இப்போதுதான் ஒழுங்காக மூச்சே விட்டாள்.

"நல்லவேளைங்க மாமா! அன்னைக்குப் பட்டியல் எழுதறப்ப இதை மறந்துட்டீங்க."

"மறந்தனா?" அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார் நாச்சிமுத்து. "மாநிலப் பட்டியல்ல மொத வரியா அதைத்தான் எழுதச் சொன்னா உங்கத்தை. கல்யாணமாகி வாரப்பவே பரீட்சைப் புஸ்தகத்தோட வந்தவ நீ. நான் பாக்காமயா இருந்தேன்?"

"அப்புறம்?"

"தாள்ல எடமில்லைன்னுட்டேன். மூணு பட்டியல் எழுதுனதே, அந்த ஒண்ணை எழுதாம உடறதுக்குத்தான் சாமி."