நனையாத தாள்

நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு அசைய முடியாமல் படுத்திருந்தார் தேவசகாயம். "பழைய ஈசிஜி இருந்தா குடுங்கம்மா. இந்த மாற்றம் முன்னாடியே இருந்துதா, இப்ப வந்ததான்னு தெரிஞ்சாத்தான் ஊசி போடலாம்," என்றார் டாக்டர். "இருக்கு டாக்டர். நனையக் கூடாதுன்னு லேமினேஷன் பண்ணி வெச்சிருக்காரு," என்று மனைவி மரியபுஷ்பம் பெருமையோடு துணிக்கடைப் பைக்குள் கையை விட்டாள். சூடு பட்டாலே கறுக்கும் அந்த ஈசிஜி தாள் லேமினேஷனில் முழுக்கக் கரியாய்க் கறுத்துப்போனதை தேவசகாயம் அவளிடம் சொல்லவே இல்லை. பையின் அடியில் செருகியதோடு சரி. ஸ்கேன், சர்க்கரை, உப்பு என்று ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடியில் அடுக்கினாள். தலைமாட்டில் மானிட்டர் வேகமெடுத்தது. "இதோ கெடச்சிடுச்சு, நீங்க பதறாதீங்க," என்று தாளை உருவினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். டாக்டரின் கை நீண்டபடியே இருந்தது.