பாசிப் பச்சை

ஒரே தோட்டத்துச் செண்டுமல்லி, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே படிகாரம். ஆனாலும் ஓரகத்தி பூவிழி சாயம் போட்ட நூல் மட்டும் விளக்கேற்றி வைத்ததுபோல் மின்னியது. வேதவல்லியின் நூலோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் முகம்போல வெளிறிக் கிடந்தது. நூல் வாங்க வந்த நெசவுக்காரர், "சின்னம்மாவுக்குக் கைராசி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வேதவல்லியின் வயிற்றில் தணலாய்க் கிடந்தது.

மறுநாள் பூவிழி குளிக்கப் போனதும், வேதவல்லி துருப்பிடித்த ஆணிகளைத் துணியில் முடிந்து, கொதிக்கும் அவள் பானைக்குள் அமிழ்த்தினாள். சாயத்தண்ணீர் கருத்ததும் முடிச்சை எடுத்து மறைத்துக்கொண்டாள். நாசமாய்ப் போகட்டும்.

போகவில்லை. மழைக்காலத்துக் கிணற்றுச் சுவரில் படர்கிற பாசியின் பச்சை நூல் முழுக்க இறங்கியிருந்தது. நெசவுக்காரர் அதைக் கீழே வைக்க மனமில்லாமல், "இனி எனக்கு இந்தப் பச்சைதான் வேணும்" என்றார். தன்னுடைய பச்சையை இன்னொருத்தியின் கைராசியாகப் புகழ்வதை வேதவல்லி கதவோரம் நின்று கேட்டாள்.

அதன் பிறகு பூவிழி எத்தனை பானை காய்ச்சினாலும் மஞ்சள்தான் வந்தது.

"என் கைராசி போயிருச்சுக்கா. எவ கண்ணு பட்டுச்சோ" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

வேதவல்லி அவளையே பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த முடிச்சு உறுத்தியது.

"எந்திரி" என்றாள். "போய்க் குளிச்சிட்டு வா. பானையை நான் பாத்துக்கிறேன்."