சரியாக ஒரு மணிக்கு

மகள் நிறைமதியின் கையிலிருந்து கழற்றிய இன்சுலின் கருவியை அதற்குச் சிக்னல் அனுப்பும் நெட்வொர்க் நிறுவன அதிகாரியின் மேசைமேல் வைத்தாள் தமயந்தி.

"ஒரு மணிச் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய இன்சுலின் நேத்து மூணு மணிக்குப் போயிருக்கு சார். சுகர் இறங்கி எம் பொண்ணு கிளாஸ்லயே மயங்கி விழுந்துட்டா."

"தினமும் ஒரே நேரத்துல சிக்னல் போனா, கருவியை ஹேக் பண்ணித் தாக்குறவன் அதுக்குன்னே காத்திருப்பான்மா. அதனாலதான் எங்க சிஸ்டம் சீட்டுக் குலுக்கி நேரத்தை மாத்துது. இந்த வருஷம் ஒருத்தனும் உள்ள நுழையல, தெரியுமா?"

"அவளுக்குப் பசி சீட்டுக் குலுக்கியா சார் வருது?"

அதிகாரி திரையைப் பார்த்தார். தமயந்தி பையிலிருந்து ஊசியையும் மருந்துக் குப்பியையும் எடுத்துக் காட்டினாள்.

"நாளையிலேருந்து நானே ஸ்கூலுக்குப் போய்ப் போடுவேன். தினமும், சரியா ஒரு மணிக்கு. எவன் காத்திருக்கணுமோ காத்திருக்கட்டும். நானும் அங்கதான் நிப்பேன்."