ஒரு சொட்டு விழாத கூடாரம்

“வாளி பத்தாது சார். குழாயைத் திறந்து விடுங்க,” என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

முகாம் சாமான் விற்கும் கடைக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். கடையின் பின்முற்றத்தில் நீலக் கூடாரம் ஒன்று சொட்டச் சொட்ட நின்றது. உள்ளே ஒரு தாய், ஒரு தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள். இத்தனை வருஷ வியாபாரத்தில் துணியைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு, கம்பியை வளைத்துப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு. குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு மேலே தண்ணீர் ஊற்றச் சொன்ன மகராசி இவள்தான் முதல்.

மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. “ஒரு சொட்டு உள்ள வராதும்மா, வந்தா நான் பொறுப்பு” என்று சவால் விட்டவரே அவர்தான். கடை ஒன்று, வாடகைக்கு விட்ட வீடு நாலு, வாய் மட்டும் பத்து என்று அவரைப் பற்றி அந்தத் தெருவில் பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.

“அப்பா மேல சொட்டுது,” என்றாள் பெரியவள்.

“அது வேர்வைடி,” என்றான் தகப்பன். பாவம், கூச்சத்திலேயே பாதி நனைந்திருந்தான். “விடும்மா, இதையே எடுத்துக்கலாம். எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். போன மழையில சின்னவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான். பாக்குறவங்க யாரும் வரல.” அவள் விரல் தையல் வழியே ஊர்ந்துபோய் ஒரு மூலையில் நின்றது. “சார், இந்த இடம் ஈரம் குடிக்குது. இது வேணாம்.”

இது மூன்றாவது கூடாரம். முதலாவதை வாசல் ஜிப்பிலேயே தள்ளிவிட்டாள். இரண்டாவதில் அடித்துணி ஈரம் கண்டது. கடைக்காரரின் சட்டை நனைந்துவிட்டது, பொறுமை மட்டும் வற்றிக்கொண்டிருந்தது.

“மழைன்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தாம்மா செய்யும். அனுசரிச்சுப் போகணும்.”

“அனுசரிச்சுதான் சார் புள்ளைக்கு இளைப்பு வந்துச்சு. இனி முடியாது. வானம் பொத்துக்கிட்டு ஊத்தினாலும் எம்புள்ளைங்க படுக்கை நனையக் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தா காட்டுங்க. இல்லேன்னா பொறுப்புன்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க.”

வாபஸ் வாங்குகிற வாயா அது? விடுவிடுவென்று உள்ளே போனவர், கடையிலேயே பெரிய ஆரஞ்சு நிறக் கூடாரத்தை இழுத்துக்கொண்டு வந்து பிரித்தார். அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்த நீள அகலத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

“முளை அடிக்காம நிக்குமா?”

“ஏம்மா, பாறையா?”

“கெட்டித் தரை. ஒரு ஓட்டை போட முடியாது.”

“கம்பியிலேயே நிக்கும்மா. உள்ள போங்க,” என்று குழாயை முழுசாகத் திருப்பினார்.

கால் மணி நேரம் கொட்டியது. உள்ளே சின்னவள் அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். தாய் நாலு மூலையையும் உள்ளங்கையால் தடவினாள், தரையைத் தடவினாள், தூங்குகிற பிள்ளையின் தலையையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் உலர்ந்திருந்தது.

“இதைக் கட்டுங்க சார்.”

கடைக்காரருக்கு மலையைப் புரட்டிய தெம்பு. “நான்தான் சொன்னேனே. நம்ம ஆளுங்களே கொண்டுவந்து நிறுத்திக் குடுப்பாங்க. மலையோ ஆத்தங்கரையோ, இடத்தை மட்டும் சொல்லுங்க,” என்று பேனாவைத் திறந்தார்.

அவள் கதவு எண், தெரு, மூன்றாவது மாடி என்று நிதானமாகச் சொன்னாள். பாதி எழுதியதும் பேனா நின்றது. குடியிருப்பவர்கள் முகம்கூட அவருக்குத் தெரியாது, எல்லாம் தரகர் பார்த்துக்கொள்வார். ஆனால் முகவரி மறக்குமா?

“அது என் கட்டடமாச்சே. லீவு விட்டா மொட்டை மாடியில டென்ட் போட்டுக் கூத்தடிக்கப் போறீங்களா? அதெல்லாம் நான் விட மாட்டேன்.”

தகப்பன் தரையைப் பார்த்தான். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“மொட்டை மாடி எதுக்கு சார்? நீங்க எங்களுக்கு விட்ட ஹால்லதானே மழை பெய்யுது.”